டக்ட் கதவைத் திறந்து அண்ணாந்து பாருங்கள்: அடுக்குமாடிச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களை நடத்திவரும் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சம்பளம் இல்லாமல் திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும் வேலை உங்களுடையது. தண்ணீர் லாரி, லிஃப்ட் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்), எஸ்டிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) நாற்றம், மெயின்டனன்ஸ் பாக்கி என்று ஏற்கெனவே தலைக்கு மேல் இருக்கிறது. அதோடு இன்னொன்றையும் சேர்க்கத்தான் இந்த மடல். மன்னிக்கவும்.

கட்டடங்களின் மின் அமைப்பைச் சோதித்து அறிக்கை தருவது என் பிழைப்பு. சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் அந்த வேலையாகப் போகிற குடியிருப்புகளில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தீயணைப்பான் தேதி தவறாமல் ரீஃபில் ஆகியிருக்கும். ஹோஸ் ரீல் பெட்டிக் கண்ணாடி துடைத்துப் பளபளப்பாக இருக்கும். பம்ப் ஓட்டிப் பார்த்த நோட்டில் வாரா வாரம் கையெழுத்து இருக்கும். சிவப்பு பெயின்ட் அடித்ததெல்லாம் சரியாக இருக்கும். அங்கிருந்து இரண்டடி தள்ளி எலெக்ட்ரிக்கல் டக்ட்டின், அதாவது மாடிக்கு மாடி கேபிள் ஏறும் செங்குத்துப் பொந்தின், கதவைத் திறந்தால் ஒரு பழைய துடைப்பம், காய்ந்துபோன பெயின்ட் டப்பா, யாரோ மடித்து வைத்த கொலுப் படி. அண்ணாந்து பார்த்தால் மேல்மாடி ட்யூப் லைட் வெளிச்சம் தெரியும். குனிந்து பார்த்தால் கீழ்த்தளத்து மீட்டர் பேனல் தெரியும்.

அந்த வெளிச்சத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். வெளிச்சம் வருகிற வழியில் புகையும் வரும்.

அடுக்குமாடிக் கட்டடத்தை வடிவமைப்பவர்கள் அதை டிபன் கேரியர் மாதிரி நினைத்துத்தான் வரைகிறார்கள். ஒரு தட்டில் கொட்டிய சாம்பார் அடுத்த தட்டுக்குப் போகக் கூடாது. ஒரு வீட்டில், ஒரு மாடியில் பிடித்த தீ அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் கட்டுண்டு கிடக்க வேண்டும். மற்ற வீட்டுக்காரர்கள் படியிறங்கி வரவும், தீயணைப்பு வண்டி வந்து சேரவும் அந்த நேரம் வேண்டும். சுவர், தளம், கதவு, டக்ட்டுக்குள் தளத்துக்குத் தளம் போடும் அடைப்பு இவைதான் அந்த நேரத்தைத் தருகின்றன. மின்சாரம் போனாலும், பம்ப் ஓடாவிட்டாலும், வாட்ச்மேன் தூங்கினாலும் இவை வேலை செய்யும். ‘பாசிவ்’ பாதுகாப்பு என்று எங்கள் தொழிலில் சொல்வது இதைத்தான். பட்டனும் கிடையாது, அலாரமும் கிடையாது. அதனாலேயே யார் கண்ணிலும் படுவதில்லை.

கதவிலோ அடைப்பிலோ ‘இரண்டு மணி நேரம்’ என்று எழுதியிருந்தால் அது பேச்சுக்குச் சொன்ன கணக்கு இல்லை. உலையின் வாயில் அதைப் பொருத்தி எரித்துப் பார்க்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் உலை ஏறக்குறைய 945 டிகிரி செல்சியஸைத் தொடும், இரண்டாவது மணி முடிவில் 1,050-ஐ நெருங்கும். அவ்வளவு நேரமும் மறுபக்கத்துக்குச் சுவாலை வரக் கூடாது. மறுபக்கத்து வெப்பமும் தொடக்கத்தில் இருந்ததைவிடச் சராசரியாக 140 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு டக்ட்டுக்கு இந்தக் கணக்கைத்தான் கேட்கிறது. கேபிளும் குழாயும் மாடிக்கு மாடி ஏறுகிற டக்ட் 120 நிமிடம் தாங்க வேண்டும். மின்சார டக்ட்டின் கதவும் அதே 120 நிமிடம் தாங்க வேண்டும். தளத்தில் குழாய்க்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அதே அளவு தீ தாங்கும் பொருளால் நிரப்ப வேண்டும். நம் டக்ட் கதவுகளில் பாதிக்கு மேல் எட்டு மில்லி பிளைவுட். சில இடங்களில் கதவே இல்லை, ஒரு காலண்டர்தான் தொங்குகிறது. இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

பெங்களூரு ஓல்ட் ஏர்போர்ட் ரோட்டில் உள்ள கார்ல்டன் டவர்ஸை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2010 பிப்ரவரி 23 அன்று அங்கே தீ. அலுவலகங்கள் நிறைந்த கட்டடம், வேலை நாள், பிற்பகல் நேரம். தீ பிடித்தது மின்சார டக்ட்டில். எரிந்த இடம் பெரிதல்ல. ஆனால் கேபிள் உறை எரிந்த கரும்புகை டக்ட் வழியாகவே மேலேறி, மேல்மாடிகளில் இருந்தவர்களின் மூச்சை அடைத்தது. முகப்பெல்லாம் கண்ணாடி. அதை உடைத்துக்கொண்டு குதித்தவர்கள் உண்டு. இறந்தவர்கள் 9 பேர். எவ்வளவு சின்னத் தீ, எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்தால் டக்ட்டின் வேலை புரியும். டக்ட் அடியிலிருந்து உச்சி வரை திறந்திருந்தால் அது புகைபோக்கி. சூடான காற்று தானாகவே அதை உறிஞ்சி மேலே கொண்டுபோகும், யாரும் தள்ளிவிட வேண்டியதில்லை.

சரி, பில்டர் அடைக்காமலா விட்டார்? சில இடங்களில் விட்டிருக்கிறார். ஆனால் நான் பார்த்தவரை, ஓரளவு நல்ல கட்டடங்களில் சாவி கொடுக்கும் அன்று அடைப்பு இருந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் கதை ஆரம்பிக்கிறது. முதலில் ஒரு ஃபைபர் கம்பெனி வருகிறது. ஆறு மாதத்தில் இன்னொன்று. டிடிஎச்காரர், இன்டர்காம்காரர், சிசிடிவிக்காரர், கடைசியாக மாடியில் சோலார் போட்டவர். ஒவ்வொருவரும் ட்ரில்லிங் மெஷினோடு வந்து, பென்சில் தடிமன் ஒயருக்கு முஷ்டி அளவு ஓட்டை போட்டு, ஒயரை இழுத்துவிட்டு, பாக்ஸில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்தத் தம்பிகளைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு கனெக்‌ஷனுக்கு இவ்வளவு என்று கூலி. அடைக்கச் சொல்லி யாரும் சொன்னதில்லை, அடைக்கிற சாமானும் யாரும் கொடுத்ததில்லை. அனுமதி கொடுத்தது யார்? ஒரு போன் காலில் ‘வாட்ச்மேன்கிட்ட சாவி வாங்கிக்கோங்க’ என்று சொன்ன சங்கம்தான்.

ஒருமுறை ஒரு குடியிருப்பில் இதை அறிக்கையில் எழுதியதும் செயலாளர் மும்முரமாக வேலையில் இறங்கினார். இரண்டு வாரம் கழித்துப் போனால் எல்லா ஓட்டையும் அடைத்தாகிவிட்டது. எதனால்? கதவுச் சட்டத்தில் சந்து அடைக்கத் தச்சர்கள் அடிக்கிற மஞ்சள் நுரையால். ஸ்ப்ரே டப்பாவிலிருந்து புஸ்ஸென்று வந்து உப்பிக் காய்ந்துவிடும் பியூ ஃபோம். பார்க்க ரொம்ப நேர்த்தி. மேல்மாடி வெளிச்சம் தெரியவில்லை. அதில் ஒரு துண்டைக் கிள்ளி, மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், லைட்டரைக் காட்டினேன். சடசடவென்று எரிந்து கருத்து ஒழுகியது. அவர் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சாதாரண பியூ ஃபோம் புகையை வேண்டுமானால் கொஞ்ச நேரம் தடுக்கலாம், தீ வந்தால் அதுவே விறகு. தீ தாங்கும் வகை ஃபோமும் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் எந்த அகலச் சந்துக்கு, எத்தனை நிமிடம் என்று டப்பாவிலும் சோதனைச் சான்றிலும் இருப்பதைப் படித்துத்தான் வாங்க வேண்டும். நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது.

கேபிள் கற்றைகளுக்கு வழக்கமாகச் செய்வது வேறு. அடர்த்தியான ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய, எரியாத பஞ்சு) பலகையை வெட்டிச் செருகி, கேபிளைச் சுற்றியும் ஓரங்களிலும் சூட்டில் உப்பும் சீலன்ட்டைப் பூசுவார்கள். பெரிய திறப்பானால் அதற்கென்று உள்ள சிமென்ட் கலவையை ஊற்றுவார்கள். உப்புவது எதற்கு என்றால், தீயில் கேபிளின் பிளாஸ்டிக் உறை உருகிப் போய்விடும், செம்பு மட்டும் மிஞ்சும், அங்கே ஒரு சந்து உண்டாகும். சீலன்ட் உப்பி அதை அடைத்துக்கொள்ளும். பிவிசி குழாயிலும் இதே தொல்லைதான், இன்னும் பெரிதாக. நான்கு இஞ்ச் கழிவுக் குழாய் உருகினால் தளத்தில் நான்கு இஞ்ச் ஓட்டை. அதற்காகக் குழாயின் கழுத்தில் ஒரு காலர் மாட்டுவார்கள். அதற்குள் இருக்கும் பொருள் சூட்டில் பல மடங்கு வீங்கி, உருகும் குழாயை நெரித்து மூடிவிடும். நம் ஊர்க் குடியிருப்புகளில் இந்தக் காலரைப் பார்ப்பது அபூர்வம்.

அப்புறம் கதவு. மாடிப்படிக்குப் போகும் வழியில், உயரமான கட்டடங்களில், தானாக மூடிக்கொள்ளும் கனமான கதவு ஒன்று இருக்குமே, அதுதான் உங்கள் குடியிருப்பிலேயே அதிகம் சோதிக்கப்படும் பொருள். எதனால் சோதிக்கப்படுகிறது என்றால், மூடாமல் இருக்க முட்டுக்கொடுக்கும் செங்கல்லால். செங்கல் இல்லாவிட்டால் பூந்தொட்டி, காலி கேன், மடித்த அட்டை. காற்று வரட்டும், குழந்தை சைக்கிள் ஓட்டட்டும், ‘டமால் டமால்’னு அடிக்குது என்று காரணம் ஏதாவது இருக்கும். காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான். சென்னை மே மாதத்தில் மூடிய காரிடாரில் யார் நிற்பது? ஆனால் கதவு அடித்தால், அதைத் தானாக மூடவைக்கும் குளோசரின் திருகைக் கொஞ்சம் திருப்பி வேகத்தைக் குறைக்கலாம். குளோசரின் கையையே கழற்றிவிடுவதுதான் இங்கே வழக்கமாக இருக்கிறது. தீ பிடித்த அன்று கதவு திறந்து கிடந்தால் மாடிப்படி புகையால் நிரம்பும். உங்கள் எல்லோருக்கும் வெளியேறும் வழி அந்தப் படிதான்.

லண்டன் கிரென்ஃபெல் டவர் எரிந்தது 2017 ஜூன் 14 அன்று. 72 பேர் இறந்தார்கள். வெளிச்சுவரில் ஒட்டிய எரியும் பலகைகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள், அது சரியும்கூட. ஆனால் அந்த விசாரணையில் கதவு தனி அத்தியாயம். அங்கிருந்த ஒரு வீட்டு வாசல்கதவை எடுத்துச் சோதித்தபோது, 30 நிமிடம் தாங்க வேண்டியது 15 நிமிடம்தான் தாங்கியது. பல வீடுகளில் கதவு தானாக மூடும் அமைப்பு வேலை செய்யவில்லை. மாடிப்படி ஒன்றே ஒன்று. ‘வீட்டுக்குள்ளேயே இருங்கள்’ என்று தீயணைப்புத் துறை சொன்னதே, ஒவ்வொரு வீடும் தனித்தனிப் பெட்டியாகத் தீயைத் தாங்கும் என்ற நம்பிக்கையில்தான். பெட்டி ஓட்டையாக இருந்தால் அந்த அறிவுரையே ஆபத்தாகிவிடுகிறது.

இதையெல்லாம் பதினைந்து மாடிக்காரர்களுக்கான பேச்சு என்று நினைத்து, ஸ்டில்ட் (தூண்கள் மேல் நிற்கும் பார்க்கிங் தளம்) பிளஸ் மூன்று, ஸ்டில்ட் பிளஸ் ஐந்து குடியிருப்புகளின் செயலாளர்கள் இங்கே நிறுத்திவிட வேண்டாம். உங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் 18.30 மீட்டருக்கு மேல் போனால்தான் உயரமான கட்டடம் என்கின்றன. தேசியத் தொகுப்புக்கு 15 மீட்டரே உயரம். இந்த அளவுகளுக்குக் கீழேயோ நடுவிலோ நிற்கிற உங்களிடம் வந்து கேட்பதற்கு ஆள் குறைவு.

உங்கள் தரைத்தளத்தை நினைத்துப் பாருங்கள். மாடிப்படி தொடங்கும் இடத்தில், படிக்கு அடியிலேயே, ஈபி மீட்டர் போர்டு. பன்னிரண்டு மீட்டர், நடுவில் ஃபியூஸ் கட்-அவுட், எப்போதோ போட்ட மரப்பலகை. அதை ஒட்டி இரண்டு சக்கர வண்டிகள், ஒவ்வொன்றின் டேங்கிலும் பெட்ரோல். இப்போது கூடவே சார்ஜரில் மாட்டிய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். மேலே போகவும் கீழே வரவும் அந்த ஒரே படிதான். போர்டில் லூஸ் கனெக்‌ஷன் சூடாகித் தீப்பிடித்தால் முதலில் எரிவது வண்டிகள், முதலில் நிரம்புவது படிக்கட்டு.

டெல்லி உப்ஹார் தியேட்டரில் 1997 ஜூன் 13 அன்று ஏறத்தாழ இதுதான் நடந்தது. டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது தரைத்தளப் பார்க்கிங்கில். அதிலிருந்து பிடித்த தீ கார்களுக்குப் பரவியது, புகை படிக்கட்டு வழியாக ஏறிப் பால்கனியில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர்களைச் சூழ்ந்தது. 59 பேர் இறந்தார்கள், மூச்சுத் திணறி. கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையில் 2011 டிசம்பர் 9 விடியற்காலையில் தீ பிடித்தது அடித்தளத்தில். நோயாளிகள் படுத்திருந்தது மேல்மாடிகளில். ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையால். நம் திண்டுக்கல்லில் 2024 டிசம்பர் 12 இரவு தனியார் மருத்துவமனை ஒன்றின் தரைத்தளத்தில் பிடித்த தீயில் ஒரு குழந்தை உட்பட 6 பேர் இறந்தார்கள். அவர்கள் மயங்கிக் கிடந்தது லிஃப்ட்டுக்குள். தீ கீழே, சாவு மேலேயோ நடுவிலோ. இந்தக் கணக்கு மாறுவதே இல்லை.

மீட்டர் போர்டை உங்களால் நகர்த்த முடியாது என்றால் (பெரும்பாலும் முடியாது, மின்வாரியத்தோடு அலைய வேண்டும், செலவும் உண்டு) படிக்கும் அதற்கும் நடுவே ஒரு சுவரையாவது எழுப்பலாம். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரும் இரும்புத்தகடு அடித்த கதவும். நம் ஊர்க் கொத்தனார் இரண்டு நாளில் முடிக்கிற வேலை. செங்கல்லுக்குத் தீயைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை, அது சூளையிலிருந்து வந்ததுதான். மின்வாரிய ஊழியர் ரீடிங் எடுக்க இடமும் காற்றோட்டமும் வெளிப்பக்கமாக இருக்கட்டும், படிப்பக்கமாக வேண்டாம். வண்டிகளை மூன்று மீட்டராவது தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். சண்டை வரும். ‘எனக்கு அலாட் பண்ண இடம் சார் இது’ என்பார்கள். வரட்டும்.

வீட்டுக்குள் நடக்கும் வேலைகளும் உண்டு. ரெனோவேஷன் என்று வந்தால் காரிடார்ப் பக்கச் சுவரைக் கொஞ்சம் இடித்து கண்ணாடி வைப்பது, வாசல்கதவை மாற்றி உள்ளே பொள்ளலான ஃப்ளஷ் டோர் போடுவது, ஒயர் ஓட்டுவதற்காகத் தூணைக் கம்பி தெரியும் வரை கொத்துவது. கடைசியாகச் சொன்னது மிக மோசம். கம்பியை வெப்பத்திலிருந்து காப்பதே மேலே மூடியிருக்கும் கான்கிரீட்தான். ஏறக்குறைய 550, 600 டிகிரியில் இரும்பு தன் வலுவில் பாதியை இழந்துவிடும். 2017 மே 31 அன்று தி.நகரில் எரியத் தொடங்கிய சென்னை சில்க்ஸ் கட்டடம் ஒரு நாளைத் தாண்டியும் எரிந்து, பாதி சரிந்து விழுந்ததை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். கான்கிரீட் எரியாது என்பது உண்மை, ஆனால் என்றைக்கும் நிற்கும் என்று அர்த்தம் இல்லை.

லைசென்ஸ் புதுப்பிக்கத் தீயணைப்பு அதிகாரிகள் வந்து பார்க்கிறார்களே என்று சிலர் கேட்பீர்கள். வருகிறார்கள். ஆனால் ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு டக்ட்டையும் திறந்து டார்ச் அடிக்க அவர்களுக்கு நேரம் கிடையாது. போன வாரம் வந்த ஃபைபர்காரர் போட்ட ஓட்டை அவர்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத்தான் தெரியும், சாவி உங்களிடம் இருக்கிறது. பில்டரும் இல்லை, கார்ப்பரேஷனும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. தினமும் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது சங்கம் மட்டும்தான். இந்த மடலைக் கோட்டைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவது அதனால்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு எல்லா மாடி டக்ட்டையும் திறந்து போனில் படம் எடுங்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. பஸ்பாரில் (மின்சாரம் ஓடும் உலோகப் பட்டை) கை வைக்க வேண்டாம், பார்த்தால் போதும். உள்ளே கிடக்கும் சாமான்களை அன்றே வெளியேற்றுங்கள், அதற்குச் செலவே இல்லை. அந்தப் படங்களைக் கமிட்டி முன் வைத்தால் நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது. அடைக்கிற வேலையைச் சான்று உள்ள பொருளோடு, அந்த வேலை தெரிந்தவர்களிடம் கொடுங்கள். எந்த ஓட்டையில் எதை எந்தத் தேதியில் வைத்தார்கள் என்று டக்ட் கதவின் உட்புறம் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். பணம் ஒரே தடவையில் புரளாது என்றால் மீட்டர் அறையிலிருந்து தொடங்கி மேலே போங்கள், அங்கேதான் தீப்பிடிக்க வாய்ப்பு அதிகம். படிக்கட்டுக் கதவுகளைப் பார்க்கும் பொறுப்பை லிஃப்ட் ஏஎம்சி மாதிரி ஒருவர் பெயரில் எழுதிவையுங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு கதவையும் முழுக்கத் திறந்து கையை விடட்டும், தானாக மூடித் தாழ் விழுகிறதா என்று பார்க்கட்டும். தீ நேரத்தில் ஒதுங்கி நிற்பதற்கென்று உயரமான கட்டடங்களில் விடும் புகலிடத் தளத்தை ஜிம்மாக மாற்றியவர்கள் டிரெட்மில்லை எங்கே வைப்பது என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டையை அடைத்த மறுமாதமே அடுத்த ஃபைபர் கம்பெனி வந்து நிற்கும். அதற்காகத்தான் கீழே உள்ள வரிகள். அவர்களுக்குத் தரும் அனுமதிக் கடிதத்தில் இதை அப்படியே சேர்த்துக்கொள்ளலாம், சங்கத்தின் வக்கீல் ஒருமுறை பார்த்தால் நல்லது:

‘டக்ட்டிலோ சுவரிலோ தளத்திலோ புதிதாகத் துளையிடும் முன் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். இட்ட துளையை அன்றே, 120 நிமிடம் தீ தாங்குவதாகச் சோதனைச் சான்று உள்ள பொருளால் அடைத்து, முன்னும் பின்னும் எடுத்த படத்தைச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். வேலை தொடங்கும் முன் செலுத்தும் முன்பணம், சங்கத்தின் எலெக்ட்ரீஷியன் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே திருப்பித் தரப்படும். அடைக்காமல் விட்டால் சங்கமே அடைத்து, அதற்கான செலவை முன்பணத்தில் கழித்துக்கொள்ளும்.’

அன்புடன்,
ஒரு மின் ஆய்வுப் பொறியாளர், சென்னை